ஒரு மணி நேரத்தில் பதுளை

திருச்சியிலிருந்து பதுளைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். சந்தேகம் இருந்தால் நீங்களே இணையத்தில் தட்டிப் பாருங்கள். ரெண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும். தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவு என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறார்கள். ஐந்நூறு கிலோமீட்டர்கூட இல்லையாம். அந்தப் பக்கத்தைத் தயார் செய்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால், என் கடையில் ஒரு நாள் முழுக்க வெங்காயம் உரிக்கும் வேலை அவருக்குக் காத்திருக்கிறது.

எனக்கு உறையூரில் சின்னதாக ஒரு டிபன் கடை. காலையில் இட்லி, பொங்கல். சாயங்காலம் வடை, பணியாரம். அடுப்படி என்னுடையது, கல்லா வீட்டுக்காரருடையது. ஸ்ரீரங்கத்துக்குப் போய்வரவே நேரமில்லாத என்னை வெளிநாட்டுக்குக் கிளப்பியவன் என் தம்பி யோகராஜ். கூடப் பிறந்தவன் இல்லை, சித்தப்பா மகன். என் அப்பாவும் சித்தப்பாவும் பதுளையை ஒட்டிய தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ரெண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்ட காலத்தில் அப்பா கப்பலேறித் திருச்சிக்கு வந்துவிட்டார். சித்தப்பா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். நான் பிறந்தது அதற்கப்புறம்தான். அண்ணனும் தம்பியும் மறுபடி சந்திக்கவேயில்லை. இப்போது ரெண்டு பேருமே இல்லை. யோகராஜை நான் போன் திரையில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அவனுக்குக் கல்யாணம். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுத்தான் போடுவான். மீதி ரெண்டு முடிச்சையும் அவனுடைய அக்காவோ தங்கையோ போட வேண்டும். யோகராஜ் வீட்டுக்கு ஒரே பிள்ளை. "நீங்க வராம தாலி கட்ட மாட்டேங்க்கா. அவ்வளவுதான்" என்று போனில் சொல்லிவிட்டான். போதாக்குறைக்குத் தாலியே என் பொறுப்பு. ஒவ்வொரு வகையறாவுக்கும் தாலியின் வடிவம் வேறு. பதுளை நகைக்கடைகளில் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் வகையறாத் தாலியைப் பிசகில்லாமல் செய்யத் தெரிந்த ஆசாரி பெரிய கடை வீதியில் இருக்கிறார். ஆக, தாலியும் நானும் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே கல்யாணம்.

"எத்தனை நாள் ஆகும்டா வர்றதுக்கு?" என்று கேட்டேன். பதிலுக்கு அந்த இணையப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினான். "பாத்தீங்களா? ஒரு மணி நேரந்தான். வெள்ளன இட்லிய ஊத்தி வச்சிட்டுக் கெளம்புனீங்கன்னா பகல் சாப்பாட்டுக்கு இங்க இருக்கலாம்." நானும் நம்பினேன். தெரு முழுக்கச் சொல்லியும்விட்டேன். அவனும் லயம் முழுக்கச் சொல்லியிருக்கிறான். லயம் என்றால் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் சொன்னால் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். பிளேன் எந்த மைதானத்தில் இறங்கும் என்று அங்கே ஒரு பட்டிமன்றமே நடந்திருக்கிறது.

பதுளையில் விமானம் இறங்க இடமே இல்லை என்பதும், அந்த ஒரு மணி நேரம் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கணக்கு என்பதும் எனக்குத் தெரிந்தபோது கல்யாணம் நெருங்கிவிட்டது. கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மலையேற வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் இதை யோகராஜிடம் சொல்ல விட்டுப்போயிற்று. கல்யாணத்துக்கு முந்தாநாள் காலையில் கிளம்பினேன். மாவு இத்தனை, சட்னிக்கு இத்தனை என்று வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்திவிட்டுத்தான் வண்டியேறினேன். அவர் தலையை ஆட்டிய விதமே எனக்குச் சரியாகப் படவில்லை.

தாலியை எதில் வைப்பது என்று பெரிய யோசனை. திருடனுடைய கண் எப்போதும் சூட்கேஸ் மேலேதான் இருக்கும். அதனால் குங்குமச் சிமிழில் தாலியை வைத்து, அதை மஞ்சள் துணியில் சுற்றி, துணிக்கடையில் கொடுத்த பழைய மஞ்சப்பையின் அடியில் போட்டு, மேலே முறுக்குப் பொட்டலத்தை வைத்தேன். அழுக்கேறி, காது ஒன்று பிய்ந்து தைத்த பை. எவன் தொடுவான் அதை? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விமானம் பறந்தது நிஜமாகவே ஒரு மணி நேரம்தான். ஒரு பன்னைக் கொடுத்தார்கள். அதைப் பிரித்துச் சாப்பிடுவதற்குள் கடல் முடிந்து தென்னந்தோப்பு வந்துவிட்டது. கொழும்பு விமான நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி மஞ்சப்பையைக் கிளறிச் சிமிழைத் திறந்தாள். இது யாருடையது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் "என் தம்பியுடையது" என்றேன். அவள் தாலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்கள் தம்பி இதைக் கழுத்தில் போட்டுக்கொள்வாரா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவரும் சிரித்தார். முறுக்கு ஒன்றை நீட்டினேன். வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்றாள், ரொம்ப வருத்தத்தோடு.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு வந்து சேருவதற்குள் நான் பறந்து வந்த நேரத்தைப்போல ரெண்டு மடங்கு நேரம் பஸ்ஸில் நின்றேன். பகல் வண்டி போய்விட்டது. ராத்திரி வண்டியில் இடமில்லை, நாளைக் காலையில்தான் அடுத்தது என்றார்கள். பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்துவிட்டு யோகராஜுக்குப் போன் போட்டேன்.

"எங்கக்கா இருக்கீங்க? பகலைக்குச் சோறாக்கி வச்சிருக்கு."

"கொழும்புல இருக்கேன்டா. உன் ஒரு மணி நேரத்துல இடி விழ."

"அப்ப நாளைக்கு அந்திக்குத்தான் வருவீங்க" என்றான், அவனே கோடு போட்டுத் தப்பாகிவிட்டதுபோல. மறுநாள் விட்டு அடுத்த நாள் காலையில் முகூர்த்தம். நடுவில் ஒரே ஒரு ரயில். அது நின்றுவிட்டால்? மலையில் மண் சரிந்தால் வண்டி நாள் கணக்கில் ஓடாது என்று லாட்ஜ்காரர் வேறு அன்பாகச் சொல்லி வைத்தார். சாயங்காலம் கொத்து ரொட்டி சாப்பிடப் போனேன். ரெண்டு தகட்டை வைத்துக்கொண்டு கல்லில் அந்தப் பையன் போட்ட தாளத்தைக் கேட்டால் நம்மூர் கொத்து பரோட்டா மாஸ்டர்கள் பிச்சை வாங்க வேண்டும். ருசியும் குறைவில்லை. ஆனாலும் பாதிக்கு மேல் இறங்கவில்லை எனக்கு.

மறுநாள் காலையில் வண்டியில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். சூட்கேஸும் துணிப்பையும் மேலே பலகையில். மஞ்சப்பை அவற்றுக்கு நடுவில். சமவெளியில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. மலை தொடங்கியதும் அதற்கு என்ன வந்ததோ! கூட நடந்து வருகிறவர்கள் வண்டிக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஒரு வளைவில் எங்கள் எஞ்சினையே நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்த நேரத்துக்குத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், வேலையை முடித்துக்கொண்டு, திரும்பி விழுப்புரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

"வடே, வடே, வடே" என்று ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொழில் பாசம், விடுமா? வாங்கினேன். பருப்பு வடையின் நடுவில் முழு இறாலை மீசையோடு பதித்திருந்தார்கள். கடித்தால் மொறுமொறு. நம்ம கடையில் இதைப் போடலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உறையூரில் போட்டால் வீட்டுக்காரர் கல்லாவை விட்டு ஓடிவிடுவார் என்பதும் அடுத்த நிமிஷம் தோன்றியது. அவரே அப்போது போன் செய்தார். இட்லி கல்லாக வந்துவிட்டதாம். "உளுந்து போட்டீங்களா?" என்றேன். "போடணுமா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

ஹட்டனில் எனக்கு எதிரில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி, கையில் குடை, மேலே பலகையில் ஏற்றி வைத்த ஒரு நீலநிறப் பெட்டி. பெயர் பிலோமினா, தோட்டப் பாடசாலையில் டீச்சர், பதுளையில் வீடு. நான் வாயைத் திறந்ததுமே, "இந்தியாவுங்களா? எங்க பேச்சு மாதிரியேதான் இருக்கு" என்றார். அதற்கப்புறம் எங்கள் ரெண்டு பேர் வாயும் மூடவில்லை. முறுக்கை நீட்டினேன், அவர் தகர டப்பாவிலிருந்து தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் எடுத்தார். இடித்த மிளகாயும் மாசிக் கருவாடும் வெங்காயமும் சேர்ந்த அந்தச் சம்பல் என் காதுக்குள் புகையைக் கிளப்பியது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ரகசியம் என்ற ஒன்று என் வயிற்றில் தங்கியதில்லை. மஞ்சப்பையில் தாலி இருப்பதை நானூஓயா தாண்டுவதற்குள் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் பையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல யோசனைதான். ஆனா மடியில வச்சிருக்கலாமே" என்றார். மடியில் வைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடாதா என்று நான் அவருக்கே பாடம் எடுத்தேன். டீச்சருக்கே!

ஹப்புத்தளையில் குளிர் எலும்பில் ஏறியது. ரெண்டு பக்கமும் பூமி கீழே போய்விட்டது. "அங்க பாருங்க, ரோட்டு வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அதுல கீழ இருக்கிறது பெரகல. பஸ்ஸுல வந்திருந்தா அந்தப் பக்கமாத்தான் ஏறியிருப்பீங்க" என்றார் டீச்சர். பண்டாரவளையில் கோவா என்று இங்கே சொல்லும் முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ், கரட் மூட்டைகளுக்கு நடுவே பாதிப் பேர் இறங்கினார்கள். எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிவிட, பெட்டி காலியானது. அடுத்தது நான் இறங்க வேண்டிய தெமோதரை.

"தெமோதரையில ஒரு வேடிக்கை இருக்கு" என்றார் டீச்சர். "ஸ்டேசன் மேல இருக்கு. கோச்சி அங்க நின்னுட்டு, மலையச் சுத்தி எறங்கி வந்து, அதே ஸ்டேசனுக்கு நேர் அடியில சுரங்கத்துக்குள்ள போகும்." இங்கே ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்கிறார்கள்.

"எதுக்கு இந்தச் சுத்து?"

"நேரா எறங்க ஏலாதே. சரிவு ரொம்பக் கூட."

காலையிலிருந்து என் கோபம் முழுக்க அந்த ரயில் மேல்தான் இருந்தது. "காலடியில இருக்கிற இடத்துக்குப் போறதுக்கு மலையவே சுத்துதா? வெளங்கும்" என்றேன். டீச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

விருந்தாளி கையில் பை இருந்தால் அழைத்துப் போக வந்தவர்களுக்கு மானக்கேடு. தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். அது எனக்குத் தெரியாது. வண்டி நிற்பதற்கு முன்பே ஏழெட்டு ஆண்கள் ரெண்டு வாசலிலும் தொற்றி ஏறினார்கள். "அக்கா! வாங்கக்கா! ஒண்ணையும் தொடாதீங்க!" முன்னால் வந்த நெட்டையான பையன் யோகராஜ் என்பது அவன் பல்வரிசையைப் பார்த்ததும் தெரிந்தது. அப்பாவின் பல்வரிசை. நான் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன். அழுதுகொண்டே இறங்கினேன். எனக்குப் பின்னால் என் சாமான்கள் கை மாறிக் கை மாறி ஜன்னல் வழியாகப் பறந்தன.

மேடையில் பெண்கள் குலவையிட்டார்கள். கழுத்தில் மாலை விழுந்தது. யோகராஜின் தாய்மாமன் ராமையா சிவப்புச் சால்வை ஒன்றை விரித்து என் தோளில் போர்த்தினார். "இந்தியாச் சொந்தம் வந்துருச்சு!" என்று அவர் சத்தம் போட, ஊதிக்கொண்டு வண்டி கிளம்பியது. டீச்சருக்குக் கையசைக்கத் திரும்பினேன். ஜன்னலில் அவர் ரெண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு பாசம் என்று நினைத்து நானும் ரெண்டு கையையும் ஆட்டினேன்.

கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்தபிறகுதான் குனிந்து பார்த்தேன். என் சூட்கேஸ். என் துணிப்பை. கூடவே ஒரு நீலப் பெட்டி.

"இது டீச்சரோடது! மஞ்சப்பை எங்க?"

"எந்த மஞ்சப்பைக்கா?"

யோகராஜின் கூட்டாளி சிவா என்பவன்தான் பலகையைக் காலி செய்தவன். "அங்கன ஒரு பழைய பை கெடந்திச்சி. யாரோ பண்டாரவளையில கத்திரிக்கா வாங்கிட்டுப் போறாங்கன்னு அத விட்டுட்டேன்" என்றான். "பிளேன்ல வர்றவங்க பை அப்பிடியா இருக்கும்?"

"அதுலதாண்டா தாலி இருக்கு!"

குலவை பாதியில் நின்றது. யோகராஜின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நாளைக் காலை முகூர்த்தம். நான் நீலப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடல் தாண்டி, மலை ஏறி, கடைசியில் கைக்கு எட்டிய இடத்தில் கோட்டைவிட்டேனே. என் சாமர்த்தியத்தில் தீ வைக்க.

ராமையா மாமா மட்டும் அசரவில்லை. வெற்றிலையை ஒதுக்கிவிட்டு, "ஏன் புள்ள அழுவுற? கோச்சி எங்க போயிரப் போகுது? சுத்திட்டு நம்ம காலுக்குக் கீழதான் வரணும்" என்றார். "டேய், பொட்டியத் தூக்குங்கடா!"

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்து சரிவில் ஒற்றையடிப் பாதை ஒன்று இறங்குகிறது. இந்தப் பக்கத்துக்காரர்கள் சாமானை மறந்தாலும் ஆளை மறந்தாலும் அதில் இறங்கித்தான் பிடிப்பார்களாம். மொத்தக் கல்யாண வீடும் அதில் ஓடியது. சிவா தலையில் நீலப் பெட்டி. நான் மாலையும் சால்வையுமாகப் பாதித் தூரம் ஓடினேன், மீதியைச் சறுக்கினேன். ஒரு செருப்பு தேயிலைச் செடிக்குள் போனது. போகட்டும். ஸ்டேஷன் மாஸ்டர் மேலிருந்து சிங்களத்தில் கத்தினார். "ஓடாதீங்கங்கிறாரு" என்று யோகராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே எனக்குச் சொன்னான். "விழுந்து தொலைக்காதீங்க, கோச்சி வர இன்னும் நேரமிருக்குங்கிறாரு."

நேரம் இருக்கத்தான் செய்தது. கீழே தண்டவாளத்தோரம் போய் நின்று, நான் தலைமுடியைக்கூட முடிந்துகொண்டேன். வண்டியைக் காணோம். காலையிலிருந்து யாரை உருண்டு உருண்டு போகிறதே என்று திட்டினேனோ, அந்த மகராசிதான் இப்போது எனக்காக நிதானமாக மலையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். படத்தில் கோடு போட்ட அந்த இணையத்துப் புண்ணியவானை நினைத்துக்கொண்டேன். கோடு தப்பில்லை, அதைப் போடுகிற இடத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

சுரங்கத்துக்குள்ளிருந்து ஊதல் கேட்டது. ராமையா மாமா என் தோளிலிருந்த சிவப்புச் சால்வையை உருவித் தலைக்கு மேலே சுழற்றினார். எஞ்சின் வெளியே வந்தது. கையில் பெட்டியும் கழுத்தில் மாலையுமாக ஒரு கும்பலைப் பார்த்த டிரைவர், வண்டியை மெல்ல ஊர விட்டு, தலையை நீட்டி நீளமாக ஏதோ சொன்னார். மாமா அதை எனக்கு மரியாதையாகச் சுருக்கி மொழிபெயர்த்தார்: "சீக்கிரம் ஆகட்டுமாம்."

மூன்றாவது பெட்டி வாசலில் டீச்சர் நின்றார். மஞ்சப்பை அவர் நெஞ்சோடு. அவருக்கும் இந்தப் பக்கத்து வழக்கம் தெரியுமே! யோகராஜ் கூடவே ஓடிக் கையை நீட்டினான்.

"மொதல்ல என் பொட்டி!" என்றார் டீச்சர், வகுப்பில் நிற்கிற குரலில்.

சிவா பெட்டியை உள்ளே தள்ளினான். அடுத்த நொடி பை யோகராஜ் கையில். "நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துருங்க டீச்சர்!" என்று நான் கத்தினேன். "எங்க?" என்று அவர் கேட்டதும், தோட்டத்தின் பெயரை இருபது பேர் ஒன்றாகக் கத்தியதும், வண்டி வளைவில் திரும்பியதும் ஒன்றாக நடந்தன. அங்கேயே தண்டவாளத்தோரம் உட்கார்ந்து சிமிழைத் திறந்தேன். தாலி இருந்தது. முறுக்கு மட்டும் குறைந்திருந்தது.

சித்தி லயத்து வாசலில் காத்திருந்தாள். பாக்கியம் சித்தி. ஐந்து நிமிஷம் என்னைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுச் சூடாகச் சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத டீ, கொடுத்தாள். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். தோட்டத்தில் அப்படித்தான். நாங்கள் விரட்டிப் பிடித்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். சித்தி நடுவில் கேட்டாள்.

"பிளேன்ல எவ்வளவு நேரம்டீ?"

"ஒரு மணி நேரம் சித்தி. கடலத் தாண்டினது அவ்வளவுதான்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒரு மணி நேரந்தானா? ஒங்க சித்தப்பா முடியாம கெடந்தப்ப, அண்ணன் தொலைவுல இருக்காரு, தொலைவுல இருக்காருன்னே சொல்லிக்கிட்டு இருந்தாரு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்" என்றாள். பிறகு அவளே எழுந்து, "சரி, சரி, நாளைக்குக் கல்யாணத்த வச்சிக்கிட்டு இது என்ன பேச்சு" என்று எனக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோவிலில். விடிந்ததும் நான் சமையல் கொட்டகையில் மூக்கை நுழைத்தேன். சாம்பாரில் புளி போதவில்லை. சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கினேன். பிறகு தயங்காமல் சொன்னேன். அவர்களோ கரண்டியையே என் கையில் கொடுத்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்குக் கூப்பிட ஆள் வந்தபோது நான் அடுப்புப் புகையில் பட்டுச்சேலையோடு நின்றிருந்தேன். கோவில் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு பிலோமினா டீச்சர். "முறுக்கு நல்லாருந்துச்சு" என்றார், முதல் வார்த்தையாக.

கெட்டிமேளம் கொட்டியது. யோகராஜ் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டான். நான் மணப்பெண்ணின் பின்னால் குனிந்தேன். நிரோஷினி என்று பெயர். பிடரியில் மஞ்சள் பூசியிருந்தாள். மாவு பிசைந்து பிசைந்து காய்த்துப் போன கை இது, எதுவும் இதில் நழுவியதில்லை. அன்றைக்குக் கயிறு வழுக்கி வழுக்கிப் போனது. அட்சதை போட நின்றவர்கள் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

யோகராஜ் தலையைத் திருப்பாமல் மெதுவாகச் சொன்னான்: "பதறாதீங்கக்கா. ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல."

நிரோஷினி குனிந்த தலையோடு குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கயிறு கைக்கு வந்தது. இறுக்கி ரெண்டு முடிச்சுப் போட்டேன். நிமிர்ந்தபோது எல்லார் தலையிலும் அரிசி, சித்தியின் கன்னம் முழுக்கக் கண்ணீர்.

நான் கிளம்பின அன்று சித்தி தேயிலைத் தூள், கித்துல் மரத்துக் கருப்பட்டி, கட்டச் சம்பல் என்று சூட்கேஸ் மூட முடியாமல் அடைத்தாள். மஞ்சப்பையை மட்டும் காணோம். கேட்டேன்.

"வெறும் பைய எப்பிடிடீ திருப்பிக் குடுக்கிறது?"

"அதான் சூட்கேஸ் நிறைய வச்சிருக்கீங்களே சித்தி. அது பழைய பை. கொடுங்க."

"இங்கன இருக்கட்டும். நெரப்பி நானே கொண்டாறேன்" என்றாள். பதுளை ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கும் போகாதவள். சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, கட்டிப்பிடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தபோது யோகராஜிடமிருந்து படம் ஒன்று வந்தது. பண்டாரவளை ஸ்டூடியோவில் எடுத்தது. பாஸ்போர்ட்டுக்காம். பின்னால் வெள்ளைத் திரை. சித்தி காதை மூடாமல் தலையை வாரி, மூச்சை அடக்கிக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். கீழே அவன் எழுதியிருந்தான்: "முகம் மட்டுந்தான் விழும், பையக் கீழ வைங்கன்னு சொல்லியும் அம்மா வைக்க மாட்டேன்னுட்டாங்க. ஸ்டூடியோக்காரரு நமக்காக முழுசா இந்த ஒண்ண எடுத்துக் குடுத்தாரு."

மடியில், ரெண்டு கையாலும் பிடித்தபடி, காது பிய்ந்து தைத்த என் மஞ்சப்பை.